வீட்லதான் இருந்தான்

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி வெளியூர் எங்கேயாவது போனாரா?"

ஐ.சி.யூ. வாசலில் நின்று டாக்டர் கேட்டார். உள்ளே தம்பி நினைவில்லாமல் கிடந்தான்.

"இல்ல டாக்டர். வீட்லதான் இருந்தான்" என்றார் அண்ணன், பட்டென்று.

உண்மையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. தம்பியோடு முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம். ஆஸ்பத்திரியில் சேர்த்ததே தம்பி குடியிருந்த வீட்டு ஓனர்தான். கூடப் பிறந்தவனோடு பேச்சே இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல அண்ணனுக்கு நாக்கு கூசியது.

டாக்டர் எழுதிக்கொண்டார். ரத்தத்தில் ஏதோ தொற்று என்று மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் மசியவில்லை. மறுநாள் வலிப்பு வந்தது. கண் மஞ்சளானது. சிறுநீர் சொட்டுக்கூட இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, அண்ணன் ஃபிட்டராக இருக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் ஏன் இங்கே என்று அண்ணன் விழிப்பதற்குள், நேராக டாக்டரிடம் போனார்.

"டாக்டர், இந்தப் பையன் எங்களோட காட்டுக்குள்ள டவர் வேலைக்கு வந்தவன். திரும்பி வந்து பதினஞ்சு நாள்கூட ஆகல. கூட வந்த இன்னொருத்தனுக்கு மலேரியான்னு இப்பதான் தெரிஞ்சுது!"

"வெளியூரே போகலைன்னீங்களே?" டாக்டர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினார்.

ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. அத்தனை கிருமி. உடனே மலேரியா ஊசியை நரம்பில் போட்டார்கள். டயாலிசிஸ் மெஷினும் வந்தது.

"வந்த அன்னிக்கே இந்த ஊசி போட்டிருந்தா..." டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் தம்பி போய்விட்டான்.

அண்ணன் சூப்பர்வைசரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "காட்டு வேலைக்கு அவன்தான் கிடைச்சானா சார்? எதுக்கு அவனை இழுத்துட்டுப் போனீங்க?"

சூப்பர்வைசர் கையை விலக்கவில்லை.

"நான் கூப்பிடலப்பா. லிஸ்ட்ல உன் பேர்தான் இருந்துச்சு. 'நெஞ்சுல ஆபரேஷன் பண்ணின மனுஷன், அண்ணன் தாங்க மாட்டார், நான் போறேன்'னு, எப்படியோ விஷயம் கேள்விப்பட்டு அவனே வந்து நின்னான். உன் காதுக்கு மட்டும் போகக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."