பார்சலில் போகாத பழம்

நாலாவது மாடி பால்கனியில் சாயங்கால வெயில் ஒரே ஒரு தொட்டியின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. அதன் விளிம்பில் ஒற்றை ஸ்ட்ராபெரி தொங்குகிறது; நுனி கூம்பி, தோள் வெளுத்து, உடம்பெல்லாம் பொன்விதை பதித்து, ஊரையே விலை பேசும் மினுக்கோடு. ஓய்வுபெற்ற தபால்காரர் முக்காலியில் உட்கார்ந்து, பழத்துக்கும் கேட்கட்டும் என்பதுபோல் போனைத் தொட்டியில் சாய்த்து வைத்திருக்கிறார். "என் மண்டை அளவு இருக்கும்மா. வாசத்துல எதிர்வீட்டுப் பூனை மயங்கி விழுந்துடுச்சு."

"போன மாசம் காக்கா மயங்கிச்சு, இப்ப பூனையாப்பா?" மகள் சிரிக்கிறாள், அவள் பக்கம் தட்டச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. "பார்சல் போடுங்களேன். ஊருக்கே பார்சல் கொடுத்தவர்தானே நீங்க."

"இந்த ரகம் பயணம் தாங்காதும்மா. விரல் சூடு பட்டாலே கண் கலங்கிடும். செடிகிட்டயே நின்னு பறிச்சுத் தின்னாத்தான் உண்டு."

"இந்த வாரமும் முடியாதுப்பா. நீங்களே சாப்பிடுங்க."

போன் இருண்டுவிடுகிறது. பழத்தில் உட்கார வந்த ஈயை அவர் விரட்டுகிறார். 'லாரியில உருண்டாலும் நசுங்காத ரகம் இருக்கு, அதை எடுங்க' என்று செடிக்கடைக்காரர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். அனுப்ப முடியாத பழமென்றால் மகள் வந்துதானே தின்ன வேண்டும் என்று, வேண்டுமென்றே இதைத் தூக்கிவந்தவர் இவர். அந்தக் குறும்புச் சிரிப்பு இப்போதும் உதட்டில் ஏறி, பாதியில் நின்றுவிடுகிறது. வெயில் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி இறங்குகிறது. பழத்தின் அடிப்பக்கம் கசியத் தொடங்கிவிட்டது. அதைத் தொட்டுவிடாமல், கீழே உள்ளங்கையை ஏந்தியபடி உட்கார்ந்திருக்கிறார்.