அப்பாவின் கோட்டு

“அப்பா கோட்டைத் துவைச்சுத் தொலைச்சிடாதே. அந்த வாடைதான் நமக்கு வேணும்” என்றார் மெர்ல்.

“நான் எங்கே துவைச்சேன்? பத்தடி தள்ளி நின்னாலே மூக்கு எரியுது” என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி லவோன் கோட்டுக்குள் இன்னும் இரண்டு பிடி வைக்கோலைத் திணித்தாள். “ராத்திரி பனி கொட்டும். நெஞ்சுப் பக்கம் நல்லா அடைச்சாத்தான் தாங்கும்.”

அமெரிக்காவின் வயோமிங்கில் அது செம்மறிகள் ஈனும் பருவம். ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணன் என்று சொல்லத்தக்க கயோட்டிகளுக்கோ விருந்துப் பருவம். போன வருஷம் பாதிக் குட்டிகளைத் தின்று தீர்த்துவிட்டன. இந்த வருஷமும் தின்றால் பண்ணையை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மெர்ல் சும்மா இருந்துவிடவில்லை. மேய்ச்சல் வெளியில் ரேடியோவை அலறவிட்டார். கயோட்டிகள் பாட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டன. காவலுக்குக் கழுதை வாங்கினார். அது மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. வைக்கோல் பொம்மை வைத்தார்; ஒரு கிழட்டுக் கயோட்டி அதை முகர்ந்து பார்த்து, காலில் மூத்திரம் பெய்துவிட்டுப் போனது.

“மனுஷ வாடையே இல்லாததை மனுஷன்னு நம்ப அது என்ன உன்னை மாதிரி மக்கா?” என்று சிரித்தான் பக்கத்துப் பண்ணை டுவைட்.

அப்போதுதான் மெர்லுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பாவின் தொப்பி, அப்பாவின் கோட்டு, அப்பாவின் பூட்ஸ், அப்பாவின் நாற்காலி எல்லாம் மேய்ச்சல் வெளிக்குப் போயின.

பலித்தது. ஒரு குட்டிகூடக் குறையவில்லை. கயோட்டிகள் பழகிவிடக் கூடாதென்று தினமும் நாற்காலியை இடம் மாற்றினார்கள். தூக்கும்போது மெர்ல் தொப்பிக்குக் கீழே மட்டும் பார்ப்பதில்லை.

கயோட்டிக்கு அவசரம் கிடையாது. முதலில் வேலியோரமாக ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தது. பிறகு அதற்குள் சின்னதாக ஒன்று. அப்புறம் அதற்குள்ளும் ஒன்று.

இன்று விடிந்ததும் இருவரும் போய்ப் பார்த்தபோது, காலடித் தடம் நேராகப் பூட்ஸ் வரைக்கும் வந்திருந்தது. எதிரே, வெகுநேரம் உட்கார்ந்து யோசித்ததற்கு அடையாளமாகப் பனியில் ஒரு குழி. கொஞ்சம் தள்ளி ஒரு குட்டியின் தோல் கிடந்தது.

“அவ்வளவுதான் லவோன்” என்றார் மெர்ல். “அசையாதுன்னு கண்டுபிடிச்சிடுச்சு. இனிமே எங்கே கொண்டுபோய் வச்சாலும் ஒண்ணுதான்.”

“கையில ஒரு துணியைக் கட்டிவிடலாமா? காத்துல ஆடும்.”

“ஆடட்டும். அதையும் ரெண்டு நாள் வேடிக்கை பார்த்துட்டு, மிச்சக் குட்டிங்களைத் தின்னும்.”

கையுறை ஒன்று கழன்று பனியில் கிடந்தது. மெர்ல் குனிந்து அதை எடுத்து உதறினார்.

தொப்பிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“நக்கித்தான் பார்த்துச்சு, மகனே. கடிக்கிறது நாளைக்குத்தான்.”