வலிக்காத கை

தையல் கடைக்குள் காலை வெயில் கத்தரிக்கோலில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. பல வருடமாக முடக்குவாதத்தோடு மல்லுக்கட்டும் அக்கா, ஒரு பொத்தானைத் தைக்காமல் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள். மின்விசிறிக்கு அடியிலேயே அவளுக்கு வியர்க்கிறது. "வழக்கமான மூட்டுவலிதான்டி, தைலம் தேய்ச்சு விடு" என்கிறாள். தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இடது தோளிலிருந்து விரல்வரை தேய்க்கிறாள். எப்போதும் இரண்டு கையும் சேர்ந்துதான் வலிக்கும்; பழக்கத்தில் வலது கையையும் பிடிக்கிறாள். "அது வேண்டாம். இன்னிக்கு அது நல்லாத்தான் இருக்கு." தங்கையின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. இந்த வியாதி இதயத்தையும் சும்மா விடாது என்று டாக்டர் சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. செருப்புகூடப் போடாமல், வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடுகிறாள். "பெட்டிய அணைச்சிட்டுப் போடி," பின்னாலிருந்து அக்கா மூச்சு வாங்கக் கத்துகிறாள், "கரண்ட் வீணாகுது!"