எது வராது?

“போர் நடந்த வருஷம் பத்திரிகை, இலக்கியம், இசைன்னு மூணு விருதும் என்னாலதான் வந்துச்சு. மேடை மட்டும் நான் ஏறல. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்!”

சொல்லிவிட்டு, அப்பா பிஸ்கட்டை டீயில் முக்கினார். மகள் அவரை முறைத்தாள்.

அப்பாவின் புளுகு அவளுக்குப் புதிதல்ல. அவர் தும்மினால் பக்கத்துத் தெருவில் கதவுகள் சாத்திக்கொள்ளும். அவர் பிடித்த மீனை வெளியே இழுத்ததும் ஏரியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் மட்டும், “அரசாங்க ஆபீஸ்ல பென்சில் சீவினேன்” என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார்.

ஆனால் இன்று எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்தவர், அவள் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படும் பையனின் அப்பா. அந்த மூன்று விருதையும் நிஜமாகவே கை நீட்டி வாங்கியவர்.

ஊருக்கே தெரிந்த விஷயம். போர் சமயத்தில் அவருடைய பத்திரிகையில், ஒரு பத்தி முழுக்க வெள்ளையாக விட்டு, நடுவே மூன்றே வரி வந்தது:

இனி வராது.
வாசலில் காத்திருக்க வேண்டாம்.
விளக்கை அணைத்துவிடுங்கள்.

பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிய வீடெல்லாம் குலுங்கிக் குலுங்கி அழுதது. பத்திரிகையில் வந்ததற்கு ஒரு விருது. புத்தகத்தில் சேர்ந்ததும் இன்னொன்று. யாரோ மெட்டுப் போட்டதும் மூன்றாவது. ‘வரமாட்டான்’ என்று எழுதாமல் ‘வராது’ என்று எழுதினாரே, அங்கேதான் இருக்கிறது மேதைமை என்று பேராசிரியர்கள் தலையணை தலையணையாகப் புத்தகம் போட்டார்கள்.

“அப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன்!” மகள் பல்லைக் கடித்தாள்.

“ஏம்மா? உள்ளதைச் சொன்னா சம்பந்தி கோவிச்சுக்குவாரா?”

“இன்னும் சம்பந்தி ஆகல சார்,” என்றார் பையனின் அப்பா விறைப்பாக. “என் எழுத்துக்கு நீங்க எப்படி உரிமை கொண்டாடறீங்க? என்னை நீங்க இன்னைக்குத்தானே முதல்முதலாப் பார்க்கறீங்க?”

“உங்களை இன்னைக்குத்தான் பார்க்கறேன். உங்க கையெழுத்தை அப்பவே பார்த்திருக்கேன். கோழி கிளறின மாதிரி இருக்கும்.”

பையனின் அம்மா கைப்பையை எடுத்தாள். “எழுந்திருங்க, கிளம்பலாம். பேச வந்த அன்னைக்கே இவ்வளவு புளுகுன்னா, கல்யாணம் முடிஞ்சா நம்ம வீட்டையே தான் கட்டினதுன்னு சொல்லுவார்.”

பையன் செய்வதறியாமல் தரையைப் பார்த்தான். மகளுக்குக் கண்ணீர் முட்டியது. எல்லாம் போச்சு.

“போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு,” என்றார் அப்பா. “‘இனி வராது’ன்னு எழுதினீங்களே, எது வராது?”

கதவு வரை போனவர் நின்றார். அவரைப் பேட்டி கண்ட அத்தனை பேரும் கேட்ட கேள்வி. ஒவ்வொரு தடவையும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே தப்பித்தவர் அவர். இங்கே வானம் இல்லை, மின்விசிறிதான் இருந்தது. அதைப் பார்த்தார்.

“அது... வாசகர்களாப் புரிஞ்சுக்க வேண்டிய விஷயம்.”

அப்பா எழுந்து போய் அவர் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

மனிதரின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. திரும்பி வந்து சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அந்தச் சிவப்புப் பென்சில்... நீங்களா?”

“நானேதான். சீவிச் சீவி விரலே தேஞ்சுபோச்சு.”

“என்னங்க, எந்தப் பென்சில்? இவர் என்ன உளர்றார்?” என்றாள் பையனின் அம்மா.

“சம்பந்தி உளரல. அவர் சொன்னது அத்தனையும் நிஜம்,” என்றார் அவர், பெரிய பாரம் இறங்கினவர் போல. “நான் எழுதி அனுப்பினது, ‘உருளைக்கிழங்கு லாரி இனி வராது. கடை வாசலில் காத்திருக்க வேண்டாம். இருட்டியதும் விளக்கை அணைத்துவிடுங்கள்.’ தணிக்கை ஆபீஸ்ல இவர் வெட்டினது போக மிச்சம் இருந்ததுதான் அந்தக் கவிதை!”