எட்டு மில்லி

அவள் எட்டு என்று எழுதுவதை அவன் பார்த்துவிட்டான்.

விடை மூன்று.

பார்த்திருக்க வேண்டாம். பரீட்சைக்குக் காவல் நிற்க வந்தவன் கதவோரம் நாற்காலியைப் போட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். கால் சும்மா இருந்தால்தானே. முத்துப்பேச்சியின் மேசைப் பக்கம் போய் நின்றது.

கேள்வி எளிதுதான். ஐந்து மில்லி சிரப்பில் நூற்று இருபத்தைந்து மில்லிகிராம் மருந்து இருக்கிறது. குழந்தைக்கு எழுபத்தைந்து மில்லிகிராம் தர வேண்டும். எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்?

வகுப்பில் இதே கணக்கை அவன்தான் போட்டான். அதில் குழந்தைக்கு இருநூறு. விடை எட்டு.

இருநூறு போய் எழுபத்தைந்து வந்திருப்பதை அவள் பார்க்கவே இல்லை. முதல் வரியைக் கண்டதும் மனசு குளிர்ந்துபோயிருக்கும். அப்புறம் எதற்கு மிச்சத்தைப் படிப்பாள்? குனிந்த தலை நிமிராமல், மணிமணியான கையெழுத்தில், மனப்பாடம் செய்ததை எழுதிக்கொண்டே போனாள். விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு.



அந்தச் சமுதாயக் கல்லூரியில் நர்சிங் உதவியாளர் படிப்பு ஒரு வருஷம். கணக்கில் இரண்டு தடவை விழுந்துவிட்டாள். இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் படிப்பே போச்சு. திரும்பத் தீப்பெட்டி ஆபீஸ்தான். பாஸானால் பஜாரில் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை காத்திருக்கிறது. டாக்டரம்மாவே வரச் சொல்லியிருக்கிறார்.

விழுந்தவர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்கள். அதற்கு இவனைப் பிடித்துப் போட்டார்கள்.

முத்துப்பேச்சி இவனைவிடப் பத்து வயது மூத்தவள். இவன் அக்கா என்பான். அவள் சார் என்பாள்.

முதலில் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தான். ஏன் வகுக்கிறோம், ஏன் பெருக்குகிறோம் என்று. டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கூடக் காட்டினான். வாரம் முழுக்கத் தீக்குச்சி அடுக்கிவிட்டு வந்த பெண்களுக்குக் கண் சொருகியது. ஒன்றும் ஏறவில்லை.

முதல்வர் கூப்பிட்டுவிட்டார். ஏன் எதற்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் தம்பி, இந்தத் தடவை ஒருத்திகூட விழக்கூடாது என்றார்.

சரி என்று அவனும் இறங்கிவந்தான். பத்துக் கணக்கு, அதைத் தாண்டி எதுவும் வராது என்றான். அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். விடை தப்பினாலும் பயமில்லை, வழிமுறையை வரிவரியாக எழுதுங்கள், அதற்கே பாதிக்குப் பக்கத்தில் மார்க் விழும்.

மற்றவர்கள் அரைகுறையாகக் கேட்டார்கள். முத்துப்பேச்சி வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். குச்சி அடுக்கும்போதும் முணுமுணுப்பு, அடுப்படியிலும் முணுமுணுப்பு. வீட்டுக்காரர் மிரண்டுபோய், மந்திரிக்கக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டாராம். அவளே சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவனும் சிரித்தான்.

பரீட்சை அறையில் வாத்தியாருக்கு வாய் கிடையாது.

கணக்கு வாத்தியாரைக் கணக்குப் பரீட்சைக்குப் போடுவதே தப்பு. வர வேண்டியவர் வரவில்லை என்று கடைசி நேரத்தில் இவனைத் தள்ளிவிட்டார்கள்.

ஒரு சொல் போதும். எழுபத்தைந்து.

தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்து மேசைப் பெண் தலையைத் தூக்கினாள். விழுங்கிவிட்டான்.

அறை நடுவே போய் நின்று பொதுவாகச் சொன்னான். நேரம் இருக்கிறது, எல்லோரும் கேள்வியை இன்னொரு தடவை நன்றாகப் படித்துப் பாருங்கள்.

எல்லோரும் படித்தார்கள். ஒருத்தி எதையோ அடித்துத் திருத்தினாள்.

முத்துப்பேச்சி அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். படிக்காமல் வந்தவர்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். அவ்வளவு நம்பிக்கை, பாவி மகளுக்கு.

அடுத்த கணக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

கேள்வியில் வேறு குழந்தை, வேறு எடை. தாளில் அவன் சொல்லிக்கொடுத்த குழந்தை.

மணி அடிக்கும் முன்பே எழுந்தாள். தாளைக் கண்ணில் ஒற்றி அவனிடம் நீட்டினாள்.

"நீங்க போட்டுக் குடுத்ததுதான் சார் அம்புட்டும். ஒண்ணு விடல."

நல்லது அக்கா என்றான்.

வாசலில் செருப்பை மாட்டும்போதே யாருக்கோ போன் போட்டாள். பாஸ்தான், டாக்டரம்மாகிட்ட சொல்லிரு என்பது ஜன்னல் வழியாகக் கேட்டது.

அவன் தாளைப் பிரித்தான்.

எல்லா விடையும் தப்பு. வழிமுறையில் மட்டும் ஒரு வரி விடவில்லை. வாத்தியார் புத்தி, மனசுக்குள்ளேயே மார்க் போட்டுக்கொண்டு வந்தான்.

பாஸுக்கு நாற்பது வேண்டும்.

நாற்பத்திரண்டு வந்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டான். விட்ட மூச்சு பாதியில் நின்றது. பாஸானால் அடுத்த மாதம் அவள் கையில் மருந்துப் பாட்டில் இருக்கும். மூன்று மில்லி குடிக்க வேண்டிய ஏதோ ஒரு குழந்தை அவளை நம்பி வாயைத் திறக்கும்.

திரும்ப முதலிலிருந்து கூட்டினான்.

எங்கேயாவது குறையாதா என்று தேடிக்கொண்டிருப்பது கடைசிப் பக்கம் வந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது.