பத்து மாசப் பையன்

புதுவாயல் பால்வாடியில் நர்ஸ் வைஜயந்தி நாலு சின்ன விளையாட்டு மரக்கட்டைகளை நீட்டினாள். கங்கம்மாவின் மகன் நாலையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். கங்கம்மா அவனைச் சட்டென்று இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து மாசம்னா சொன்னே?"

"ஆமா நர்சம்மா."

"நிக்குறானா?"

"இல்லம்மா. தவழ்ந்துகினுதான் கீறான்."

வைஜயந்தி தள்ளி நின்று பிஸ்கட்டைக் காட்டினாள். தாயின் பிடியிலிருந்து நழுவிய பையன் குடுகுடுவென்று ஓடினான்.

கங்கம்மா அழுதுவிட்டாள். "ஒன்றரை வயசும்மா. ஒரு வயசு தாண்டினா பால் பவுடர் கெடையாதுன்னாங்க. எனக்குப் பால் வத்திப்போச்சு. அதான் ரெண்டு மாசமா இவன தெருவுல எறக்கி உடாம இடுப்புலயே தூக்கிக்கினு அலையறேன்."

வைஜயந்தி பால் பவுடர் டப்பாவை அவளிடம் கொடுத்தாள்.

"மூணு வயசு வரைக்கும் உண்டு. முதல்ல அவனை நடக்க விடு!"