எவாரிஸ்தோ பாறை

இதனால் சகலமான பேருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், சென்ற மாதம் பதினேழாம் தேதி காலை பத்தே முக்கால் மணிக்கு, ஒரு தோட்டாகூடச் செலவாகாமல், நமது குடியரசு கரீபியன் கடலுக்குள் பதினோரு மைல் வளர்ந்தது.

வளர்த்தவர், கடல் எல்லை அலுவலக இயக்குநர் டாக்டர் எவாரிஸ்தோ கிந்தானில்யா. சட்டம் படித்தவர்களை இங்கே டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். தவறினால் கோப்பு நகராது. அமைச்சருக்கு மைத்துனர். படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் கடலைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தவர்.

பழைய கடல் வரைபடங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகக் குத்தி எல்லைக்கோடு போடுவது அந்த அலுவலகத்தின் வேலை. கலர் ஸ்கேன் வீண் செலவு, கறுப்பு வெள்ளை போதும் என்று உத்தரவிட்டவரும் டாக்டர்தான். அப்படிக் குத்திக்கொண்டே போனபோது, கரையிலிருந்து பதினோரு மைலில், யாதிரா என்ற ஊழியருக்கு ஒரு பாறை அகப்பட்டது.

அவ்வளவுதான். பன்னிரண்டு மைல் எல்லையைக் கரையிலிருந்து அளந்த காலம் போய், பாறையிலிருந்து அளக்கும் காலம் வந்தது. பாறைக்கு இயக்குநர் பெயரையே சூட்டினார்கள். பள்ளிக்கூடங்களுக்கு அரை நாள் விடுமுறை. தபால்தலைகூட வந்துவிட்டது; அதில் பாறையின் உச்சியில் ஒரு பெலிகன் உட்கார்ந்திருந்தது.

இன்று டாக்டரின் மேசைக்கு எதிரே டெல்ராய் ஹாட்ஜ்சன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து நாட்டுத் தீவுக்காரர். புது எல்லைக்குள் சிங்கி இறால் பிடித்தார் என்று அவருடைய ஒரே படகைக் கடற்படை இழுத்து வந்து துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்தது. நாளைக்கு ஏலம். படகின் சாவி டாக்டரின் மேசை மேல், காகிதங்களுக்குப் பாரமாகக் கிடந்தது. உட்காரச் சொல்லி யாரும் நாற்காலி காட்டவில்லை.

"இருவத்திரண்டு வருஷமா அதே எடத்துலதான் முங்கறேன். போன மாசம் வரைக்கும் அது உங்க எல்லைக்கு வெளியில இருந்துச்சு."

"போன மாசம் வரைக்கும் நாங்க தூங்கிட்டிருந்தோம்," என்றார் டாக்டர், மனுவிலிருந்து கண்ணை எடுக்காமல். சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனாவை உருவி, 'ஒரே படகு' என்பதன் அடியில் ஒரு கோடு இழுத்தார். 'ஏலம்' என்பதன் கீழ் இன்னொன்று.

"அங்க பாறையே இல்ல, டாக்டர்."

"இல்லாத பாறைக்கா தபால்தலை போட்டிருக்கோம்?"

"அதுல உக்காந்திருக்கே ஒரு பெலிகன், அதையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வாசலில் நின்ற காவலாளிக்கு இருமல் வந்தது. டாக்டர் மணியை அடித்தார். யாதிரா வந்தாள், ஒரு கையில் மடிக்கணினி, மறு கையில் பாதி கடித்த வாழைக்காய் வறுவல்.

"இவருக்குக் காட்டும்மா. படிக்கத் தெரியுமான்னு பாப்போம்."

அவள் திரையைத் திருப்பினாள். "இந்தா, ரெண்டுன்னு இருக்கா? வெறும் ரெண்டுன்னா ரெண்டு மீட்டர் ஆழம். அடியில கோடு போட்டிருந்தா, தண்ணி வத்தறப்போ ரெண்டு மீட்டர் வெளிய தெரியுதுன்னு அர்த்தம். கடல் படத்துல உலகம் பூரா இதான் வழக்கம். இதுல கோடு இருக்கு. நாங்க இத எட்டு வருஷமா பண்றோம், முங்கிப் பாத்துச் சொல்றதில்ல."

"நான் ஆறடி, தங்கச்சி. தண்ணி நல்லா வத்தின நேரத்துலயும் அங்க நின்னா உச்சந்தலை முழுகும். நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"டீசலுக்கு அனுமதி வரல," என்றாள் யாதிரா. "திரையில நல்லாவே தெரியுது."

டாக்டர் எழுந்தார். அவர் எழுந்தால் பேச்சு நீளும் என்பது அலுவலகத்துக்கே தெரியும்.

"யோவ், இது நூத்தி முப்பது வருஷத்துக்கு முந்தின படம். ஈயக்குண்டக் கயித்துல கட்டி எறக்கி, சாண் சாணா அளந்து போட்டது. அவங்க பொய், இறால் புடிக்கிற நீ மெய்யா? மூலப் படத்தையே காட்டறேன். கோடு இருந்தா, பாறை இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு நடையக் கட்டணும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி இந்தச் சாவிய நானே உன் கையில குடுக்கறேன்."

சொந்த அலமாரியைத் திறந்து ஒரு நீளச் சுருளை எடுத்தார். "ஸ்கேனுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வரி வரியா நானே படிச்ச படம். வேற யார் கையும் பட விட்டதில்ல."

மேசையில் விரித்தார். மூலத்தை யாதிராவும் இப்போதுதான் பார்க்கிறாள். விரலால் தேடி அந்த 'ரெண்டை' நேராகத் தொட்டாள். அடியில் கோடு இருந்தது.

"இருக்கா?" என்றார் டாக்டர். "நல்லாப் பாத்துக்க."

யாதிரா விரலை எடுத்துவிட்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள். 

ஹாட்ஜ்சன் குனிந்து பார்த்தார். அவசரமே படவில்லை. பிறகு மேசையில் கிடந்த தன் மனுவை எடுத்து, அந்த 'ரெண்டு'க்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தார்.

"ரெண்டு கோடும் ஒரே பச்சை, டாக்டர். சாவியக் குடுங்க."